முகப்பில் இல்லாத பெயர்கள்

நுழையும்முன்

நூலின் முகப்பில் ஆசிரியரின் பெயர் இடம்பெறுவது இன்று இயல்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில், குழந்தைகளுக்கென அறிவுநூல்களும் நீதிக்கதைகளும் எழுதிய பெண்களுக்கு அஃது எளிதில் வாய்க்கவில்லை. அவர்களின் எழுத்தை விலைகொடுத்து வாங்கி, அச்சிட்டு, வீடுதோறும் கொண்டுசேர்த்தவை இலண்டன் மாநகரின் சில பதிப்பகங்கள். அப்பதிப்பாளர்களையும் அவர்களுக்காக எழுதிய பெண்களையும் அறிமுகப்படுத்துகிறது இக்கட்டுரை.

விண்மீனை நோக்கி வியந்து பாடும் ஆங்கிலப் பாட்டு ஒன்று தமிழக மழலையர் பள்ளிகளிலும் நாள்தோறும் ஒலிக்கிறது. அதனைப் பாடாமல் வளர்ந்த பள்ளிக் குழந்தையைக் காண்பது அரிது. ஆனால், இயற்றியவர் யார் என வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. இயற்றியவர் ஜேன் டெய்லர் என்னும் இளம்பெண். 1806-ஆம் ஆண்டு இலண்டனில் டார்ட்டன் - ஹார்வி பதிப்பகம் வெளியிட்ட ‘ரைம்ஸ் ஃபார் தி நர்சரி’ என்னும் சிறுநூலில் அப்பாட்டு முதன்முதலாக அச்சேறியது. அந்நூலின் முகப்பில் ஜேனின் பெயர் இல்லை. முன்னர் வெளிவந்த வேறொரு நூலின் ஆசிரியர்கள் எழுதியது என்ற குறிப்பே உள்ளது. அந்த முந்தைய நூலை எடுத்துப் பார்த்தாலோ, ‘இளையோர் பலர் எழுதியவை’ என்பதோடு அதன் முகப்பு நின்றுவிடுகிறது. இவ்வாறு பெயரின்றி வெளிவந்த நூல்கள் அக்காலத்தில் ஒன்றிரண்டல்ல.

பேராலயத்தின் நிழலில்

இலண்டனின் தூய பவுல் பேராலயத்தைச் சூழ்ந்த தெருக்கள் நெடுங்காலமாக நூல்வணிகர்களின் இருப்பிடமாக விளங்கின. அக்காலத்தில் பதிப்பாளர் வேறு, புத்தகக் கடைக்காரர் வேறு என்ற பிரிவு இல்லை. எழுத்தை வாங்குபவரும் அச்சிடச் செய்பவரும் கடையில் அமர்ந்து விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. இங்கு 1745-இல் கடை அமைத்தவர் ஜான் நியூபெரி. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ‘எ லிட்டில் பிரிட்டி பாக்கெட் புக்’ என்னும் குழந்தை நூலை அவர் வெளியிட்டிருந்தார். நூல் மட்டும் என்றால் விலை ஆறு பென்னி. எட்டுப் பென்னி கொடுத்தால் சிறுவர்க்குப் பந்தும் சிறுமியர்க்குக் குண்டூசி செருகும் சிறுமெத்தையும் உடன் கிடைக்கும். பந்துக்கும் மெத்தைக்கும் ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் கறுப்பு. நற்செயலுக்கு ஒரு பக்கத்திலும் தீச்செயலுக்கு மறுபக்கத்திலும் ஊசி குத்திக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கல்வி விளையாட்டைப்போல் இனிக்க வேண்டும் என்று மெய்யியலாளர் ஜான் லாக் 1693-இல் எழுதிய கருத்தை நியூபெரி இவ்வாறு கடைச்சரக்காக்கினார். அவர் காய்ச்சல் மருந்தும் விற்றவர். 1765-இல் அவர் வெளியிட்ட ‘கூடி டூ ஷூஸ்’ கதையில் நாயகியின் தந்தை இறப்பதற்கு, அந்தக் குறிப்பிட்ட மருந்து கிடைக்காத ஊரில் நோயுற்றதே காரணமாகக் கூறப்படுகிறது! கதைக்குள் விளம்பரம் நுழைவது இக்காலத்துப் புதுமையன்று.

குழந்தைகளின் நூல்களுக்குச் சந்தை உண்டு என்பதை நியூபெரி மெய்ப்பித்தார். அச்சந்தைக்கு இடையறாது எழுதித்தருவோர் வேண்டும். வீட்டில் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த தாயர், அத்தையர், இல்லத்து ஆசிரியைகள் ஆகியோரே அதற்குத் தகுதி உடையவர்களாய் இருந்தனர். பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்கு மூடியிருந்த காலம் அது. பாடம் கற்பிக்கும் நூலை எழுதுவது மட்டும் பெண்ணின் இல்லறக் கடமையின் நீட்சி எனக் கருதப்பட்டதால், சமூகம் அதனைத் தடுக்கவில்லை. 1749-இல் சாரா ஃபீல்டிங் எழுதிய ‘தி கவர்னஸ்’ ஒன்பது சிறுமியர் பயிலும் பள்ளியைக் களமாகக் கொண்டது. குழந்தைகளுக்கென ஆங்கிலத்தில் எழுந்த முதல் நெடுங்கதை எனப் போற்றப்படுவது. அதன் முகப்பிலும் ஆசிரியரின் பெயர் இல்லை. அவருடைய முந்தைய நாவலைச் சுட்டி, அதனை எழுதியவரின் நூல் என்றே குறிக்கப்பட்டிருந்தது.

பெயர் மறைந்ததற்கு நாணம் மட்டும் காரணமன்று. அன்றைய ஆங்கிலேயச் சட்டத்தின்படி மணமான பெண்ணுக்குத் தனிச்சொத்து இல்லை. அவள் எழுதி ஈட்டிய பணமும் கணவனுக்கே உரியது. இந்நிலையை மாற்றும் முதற்சட்டம் 1870-இல்தான் வந்தது. பதிப்புரிமையோ 1710-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு ஆண்டுகளுக்கு நிலைத்தது. அப்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகள் நீளும். ஆனால், எழுதியவர்கள் பலர் கையெழுத்துப்படியை ஒரு தொகைக்கு முழுமையாக விற்றுவிடுவதே வழக்கம். பிறகு நூல் நூறு பதிப்புக் கண்டாலும் ஆதாயம் கடைக்காரருக்கே.

நியூபெரி குடும்பத்தில் ஒரு பெண்ணே பதிப்பாளராகவும் விளங்கினார். ஜான் நியூபெரியின் உறவினர் ஃபிரான்சிஸ் இறந்தபின், அவர் மனைவி எலிசபெத் நியூபெரி 1780 முதல் 1802 வரை கடையை நடத்தினார். பிரிசில்லா வேக்ஃபீல்டு எழுதிய ‘தாவரவியல் அறிமுகம்’ என்னும் நூலை 1796-இல் வெளியிட்டவர்களுள் அவரும் ஒருவர். தமக்கையும் தங்கையும் எழுதிக்கொள்ளும் மடல்களாக அமைந்த அந்நூல், மலரின் உறுப்புகளைப் பிரித்தறியச் சிறுமியர்க்குக் கற்பித்தது. ‘இ. நியூபெரி’ என்றே எலிசபெத் தம் பெயரை அச்சிட்டார். அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் இருப்பவர் ஆணா பெண்ணா என்பது படிப்பவருக்குத் தெரியாது.

சுண்டெலியும் சிறுமெத்தையும்

ஆல்டர்மேரி சர்ச்யார்டில் அச்சகம் வைத்திருந்தவர் ஜான் மார்ஷல். பாட்டுத்தாள்களையும் தெருவில் கூவி விற்கும் மலிவுக் கதைப்புத்தகங்களையும் அச்சிட்ட குடும்பம் அவருடையது. பேய், சூனியக்காரி, தேவதை, காதல் ஆகியவை குழந்தைகளின் உள்ளத்தைக் கெடுப்பன என்றும், தம் நூல்களில் அவற்றுக்கு இடமில்லை என்றும் அவர் விளம்பரம் செய்தார். அவர் குடும்பம் பொருள் ஈட்டியதே அத்தகைய கதைகளால்தான் என்பதை எண்ணினால் நகைப்பு எழும். எனினும், அறிவூட்டும் நூல்களை நாடும் நடுத்தரப் பெற்றோர் பெருகிவருவதை அவர் கூர்ந்து கண்டார் என்பதில் ஐயமில்லை.

1780-களில் மார்ஷலுக்காக எழுதியவர்களுள் டாரதி கில்னரும், அவருடைய அண்ணியின் உறவுமுறை கொண்ட மேரி ஆன் கில்னரும் குறிப்பிடத்தக்கவர்கள். டாரதி ‘எம். பி.’ என ஒப்பமிட்டார். அது அவர் வாழ்ந்த மேரிலேண்ட் பாயிண்ட் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கம். நாடாளுமன்ற உறுப்பினரைக் குறிக்கும் எழுத்துகளும் அவையே ஆதலின், பின்னர் ‘மேரி பெல்ஹாம்’ என்னும் புனைபெயரை அவர் மேற்கொண்டார். மேரி ஆன் தாம் வாழ்ந்த ஸ்பிட்டல் ஸ்கொயரைக் கொண்டு ‘எஸ். எஸ்.’ என எழுதினார். ஊரின் பெயரைச் சொல்லலாம், தன் பெயரைச் சொல்லலாகாது என்பதாக இருந்தது நிலைமை.

இவர்களின் கதைசொல்லும் முறை புதியது. டாரதியின் கதையில் சுண்டெலி ஒன்று தன் வரலாற்றைத் தானே கூறுகிறது. மேரி ஆனின் நூல்களில் ஊசிமெத்தையும் பம்பரமும் பேசுகின்றன. ஊசிமெத்தை ஒரு சிறுமியின் கையிலிருந்து மற்றொருத்தியின் கைக்கு மாறி, வீடுவீடாகச் சென்று, தான் கண்டதைச் சொல்கிறது. யாரும் பொருட்படுத்தாத ஒரு மூலையிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் கண் அது. பெயரின்றி எழுதிய பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான கதைசொல்லி கிடைப்பது கடினம்.

மார்ஷல் வெளியிட்ட மற்றொரு நூல், எலனார் ஃபென் எழுதிய ‘காப்வெப்ஸ் டு கேட்ச் ஃபிளைஸ்’. நார்ஃபோக் வட்டாரத்தில் வாழ்ந்த ஃபென்னுக்கு மக்கட்பேறு இல்லை. உறவினர் குழந்தைகளுக்கெனத் தம் கைப்பட நூல்கள் செய்துகொடுத்தவர் அவர். மூன்றெழுத்துச் சொற்களால் தொடங்கி, நான்கு, ஐந்து, ஆறு எழுத்துச் சொற்கள் என அப்பாட உரையாடல்கள் படிப்படியாக வளர்கின்றன. ஃபென் முகப்பில் வைத்துக்கொண்ட பெயர்கள் ‘திருமதி டீச்வெல்’, ‘திருமதி லவ்சைல்டு’ என்பன. ‘நன்கு கற்பிப்பவர்’, ‘குழந்தையை நேசிப்பவர்’ என்பது அவற்றின் பொருள்.

ஜோசப் ஜான்சனின் கடை

அக்காலப் பதிப்பாளர்களுள் பெண் எழுத்தாளர்களைத் தம் மேசையில் சமமாக அமரவைத்தவர் ஜோசப் ஜான்சன். பேராலயத்தை ஒட்டிய அவருடைய இல்லத்தில் நிகழ்ந்த எளிய விருந்துகளில் அறிவியலாளரும் ஓவியரும் சீர்திருத்தக்காரரும் கூடினர். அரசை எதிர்த்த துண்டறிக்கை ஒன்றை விற்றதற்காக 1799-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர்.

1778-இல் அன்னா லெட்டீஷியா பார்பால்டின் ‘லெசன்ஸ் ஃபார் சில்ட்ரன்’ நூலை ஜான்சன் வெளியிடத் தொடங்கினார். தாம் வளர்த்த தம்பி மகன் சார்லசுக்குப் படிக்கக் கற்பிக்க முனைந்த பார்பால்டு, கடைகளில் கிடைத்த நூல்கள் நெருக்கமான சிற்றெழுத்தில், மட்டமான தாளில் இருப்பதைக் கண்டார். நல்ல தாள், பெரிய எழுத்து, அகன்ற இடைவெளி ஆகியவை வேண்டும் என அவர் வற்புறுத்தினார். ஜான்சன் அவ்வாறே அச்சிட்டார். இரண்டு முதல் மூன்று வயது, மூன்று வயது, மூன்று முதல் நான்கு வயது எனக் குழந்தையின் அகவைக்கேற்ப அப்பாடங்கள் பகுக்கப்பட்டன. தாயும் மகனும் பேசுவதுபோன்ற சிறு தொடர்கள். பூனை, மழை, ரொட்டி என வீட்டைச் சுற்றிய பொருள்கள். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் இதனைக் கேலி செய்தார். அறிவிற்சிறந்த ஒரு பெண், இது பூனை, அது நாய் என்று எழுதி வீணாவதா என்பது அவர் கருத்து. மழலையர்க்கான பாடநூல்களில் பெரிய எழுத்தையும் அகன்ற இடைவெளியையும் இன்று காண்பவர், அந்தக் கேலி எவ்வளவு பொருளற்றது என உணர்வர்.

மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அயர்லாந்தில் செல்வக் குடும்பம் ஒன்றில் ஆசிரியையாகப் பணியாற்றியவர். ‘பெண்மக்களின் கல்வி பற்றிய சிந்தனைகள்’ என்னும் அவரது முதல் நூலுக்கு ஜான்சன் பத்துக் கினி கொடுத்தார். அதனை உல்ஸ்டன்கிராஃப்ட் தமக்கென வைத்துக்கொள்ளாமல், மறைந்த தம் தோழியின் பெற்றோருக்கு அளித்துவிட்டார். 1787-இல் வேலையை இழந்து இலண்டன் வந்த அவருக்கு ஜான்சன் குடியிருக்க வீடு அமைத்துத் தந்தார். மொழிபெயர்ப்புப் பணியும் தாம் தொடங்கிய இதழில் நூல் மதிப்புரை எழுதும் பணியும் அளித்தார். இல்லத்து ஆசிரியை, தையற்காரி, துணைப்பெண் என்பவற்றைத் தவிர வேறு பிழைப்பறியாத ஒரு வகுப்பிலிருந்து, எழுத்தையே தொழிலாகக் கொண்டு ஒரு பெண் தலைநகரில் தனித்து வாழ அது வழிவகுத்தது.

1788-இல் வெளிவந்த அவரது ‘ஒரிஜினல் ஸ்டோரிஸ்’ குழந்தைகளுக்கான நூல். திருமதி மேசன் என்னும் ஆசிரியை, மேரி, கரோலின் என்னும் இரு சிறுமியரின் குறைகளைத் திருத்துவதே கதை. அந்நூலின் முன்னுரையைச் சற்றே மாற்றுமாறு ஜான்சன் கருத்துரைத்தார். பெற்றோரைக் கடுமையாகச் சாடும் பகுதி அது. உல்ஸ்டன்கிராஃப்ட் இசையவில்லை, மாற்றாமலேயே முன்னுரை அச்சானது. தமக்கு வீடும் வேலையும் தந்தவரிடம் ஓர் எழுத்தாளர் இவ்வாறு மறுக்க முடிந்ததும், அவர் அதனை ஏற்றதும் அக்காலத்தில் எளிய செய்தியன்று. முதற்பதிப்பு பெயரின்றியே வந்தது. 1791-இல் வில்லியம் பிளேக்கின் ஆறு செதுக்கோவியங்களுடன் இரண்டாம் பதிப்பு வந்தபோது, முகப்பில் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் என்னும் பெயர் இருந்தது. பெண்ணுரிமையை வலியுறுத்தி உலகப்புகழ் பெற்ற நூலை அடுத்த ஆண்டே அவர் எழுதி வெளியிட்டார். அதன் பதிப்பாளரும் ஜான்சனே.

ஜான்சனிடமும் எல்லாம் எழுதுவோர் விருப்பப்படி நடந்துவிடவில்லை. மரியா எட்ஜ்வொர்த் 1796-இல் எழுதிய கதைத்தொகுப்புக்குப் ‘பெற்றோரின் நண்பன்’ என்று பெயர் வைக்க விரும்பினார். ஜான்சன் அதனைப் ‘பெற்றோரின் உதவியாளன்’ என மாற்றிவிட்டார். அப்பெயர் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை நினைவூட்டுவதாக மரியா உறவினருக்கு எழுதிய மடலில் வருந்தினார். தலைப்பு எப்படியாயினும் தொகுப்பிலுள்ள ‘ஊதாநிறக் குடுவை’ என்னும் கதை தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது.

ரோசமண்ட் என்னும் சிறுமி தாயுடன் கடைத்தெருவில் நடக்கிறாள். அவளுடைய காலணி தேய்ந்துவிட்டது. மருந்துக்கடைச் சாளரத்தில் ஊதாநிறத்தில் ஒளிரும் குடுவை ஒன்று அவளைக் கவர்கிறது. காலணியா, குடுவையா, எது வேண்டுமென நீயே முடிவுசெய் என்கிறாள் தாய். ரோசமண்ட் குடுவையைத் தேர்கிறாள். வீட்டுக்கு வந்தபின் பூ வைப்பதற்காக உள்ளிருந்த நீரைக் கொட்டினால், நிறம் நீரோடு போய்விடுகிறது, எஞ்சியது வெறுங்கண்ணாடி. காலணி மாற்ற ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கிழிந்த காலணியோடு வெளியே அழைத்துச்செல்லத் தந்தை மறுத்துவிடுகிறார். அந்தத் தாய் மிகக் கடுமையானவள் என்று அன்றுமுதல் இன்றுவரை படிப்போர் பலர் சினக்கின்றனர். குடுவையில் இருப்பது நிறநீர் என்று ஒரு சொல் முன்பே சொல்லியிருக்கலாகாதா? சினம் நியாயமே. ஆயினும், தேர்வுசெய்யும் உரிமையை ஒரு சிறுமியிடம் கொடுத்து, அவள் முடிவை யாரும் மாற்றாமல் விட்ட கதையாகவும் இதனைப் படிக்கலாம்.

தெரியுமா?
சாரா டிரிம்மர் பன்னிரு குழந்தைகளின் தாய்; பறவைக் குடும்பத்தைக் கொண்டு உயிரிரக்கம் கற்பிக்கும் கதைநூலை 1786-இல் எழுதியவர். 1802 முதல் 1806 வரை அவர் நடத்திய ‘தி கார்டியன் ஆஃப் எஜுகேஷன்’, குழந்தை நூல்களைத் தொடர்ந்து மதிப்பிட்ட முதல் ஆங்கில இதழாகும். சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல் வகுத்த ‘மெட்ராஸ் முறை’யை அவர் ஆதரித்தார். மாணவரே மாணவர்க்குக் கற்பிப்பதும் மணலில் எழுதிப் பழகுவதும் அம்முறையின் கூறுகள்.

கதைகளா, பாடங்களா?

எல்லாரும் இந்நூல்களை வரவேற்கவில்லை. 1802-இல் கட்டுரையாளர் சார்லஸ் லாம் தம் நண்பர் கோல்ரிட்ஜுக்கு எழுதிய மடலில் மனம் குமுறினார். அவருடைய தமக்கை மேரி, பழைய கதைநூல்களை வாங்க நியூபெரி கடைக்குச் சென்றபோது, கடைக்காரர் அவற்றை ஏதோ ஒரு மூலையிலிருந்து தேடி எடுத்தாராம். பார்பால்டு, டிரிம்மர் நூல்களோ குவியல் குவியலாய்க் கிடந்தனவாம். கற்பனையைக் கொன்று தகவலைத் திணிக்கின்றனர் என்பது லாமின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. குதிரையைக் கண்டு மகிழ்வதற்குமுன் அது எவ்வகை விலங்கு என்று ஒப்பிக்கவேண்டிய குழந்தையின் சலிப்பை அந்நூல்களின் பல பக்கங்களில் இன்றும் உணரலாம். ஆனால், லாம் பழித்தது பெண்களை மட்டுமே. அத்தகைய நூல்களைக் கேட்டு வாங்கி அடுக்கிய வணிகர்களை அவர் தொடவில்லை.

சில ஆண்டுகளில் லாமும் அச்சந்தைக்கே எழுதினார். உல்ஸ்டன்கிராஃப்டின் மறைவுக்குப்பின் அவருடைய கணவர் வில்லியம் காட்வின் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாம் மனைவி மேரி ஜேனும் அவரும் 1805-இல் குழந்தை நூற்பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினர். தீவிர அரசியல் கருத்துகளால் காட்வினின் பெயரைக் கண்டாலே பெற்றோர் அஞ்சுவர் என்பதால், கடை முதலில் அதன் மேலாளர் பெயரில் நடந்தது. பின்னர் மேரி ஜேனின் பெயரில் இயங்கியது. பெயரை மறைக்கும் தேவை இங்கே ஓர் ஆணுக்கு நேர்ந்தது. 1807-இல் இப்பதிப்பகம் ‘ஷேக்ஸ்பியர் கதைகள்’ நூலை வெளியிட்டது. இருபது கதைகளுள் பதினான்கு மேரி லாம் எழுதியவை. துன்பியல் கதைகள் ஆறே சார்லஸ் எழுதியவை. முகப்பிலோ சார்லஸ் லாமின் பெயர் மட்டுமே இருந்தது. பள்ளிப் பாடங்கள் வழியாக இந்தியாவிலும் பலர் ஷேக்ஸ்பியரை முதலில் அறிந்தது அந்நூலால்தான்.

எலிசபெத் நியூபெரியின் கடையை 1802-இல் ஏற்ற ஜான் ஹாரிஸ், காற்று திசைமாறுவதை அறிந்தார். ‘ஓர் அம்மையார் எழுதியது’ என்னும் குறிப்போடு 1807-இல் அவர் வெளியிட்ட ‘தி பீகாக் அட் ஹோம்’, கேத்தரின் ஆன் டார்செட்டின் படைப்பு. பறவைகளின் விருந்தைப் பாடும் களிப்பான பாட்டுநூல். அக்கால வண்ணப்படங்கள் அச்சில் வந்தவையல்ல. பதின்வயதுச் சிறுவர் சிறுமியர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு நிறமாகத் தாள்தாளாய்ப் பூசி அடுத்தவரிடம் தள்ளுவர். வசதியுள்ள வீட்டுக் குழந்தை புரட்டி மகிழ்ந்த வண்ணம், வேலைக்கு வந்த மற்றொரு பிள்ளையின் கைவண்ணம்.

செதுக்குளியும் எழுதுகோலும்

வில்லியம் டார்ட்டன் குவேக்கர் சமயத்தைச் சார்ந்தவர், செதுக்கோவியர், தாமே குழந்தை நூல்கள் எழுதியவர். அவர் ஆண்டுதோறும் வெளியிட்ட சிறுவர் நாட்குறிப்பில் விடுகதைப் போட்டி ஒன்று இருந்தது. ஆன் டெய்லர் என்னும் சிறுமி அதற்கு விடை எழுதிப் பரிசு பெற்றாள். ஆனும் அவள் தங்கை ஜேனும் தந்தையின் பட்டறையில் செப்புத்தகட்டில் படம் செதுக்கும் தொழில் பழகியவர்கள். பகலில் பட்டறை வேலை. எஞ்சிய பொழுதில் எழுத்து. குழந்தைகளுக்கு எளிய பாடல்கள் வேண்டுமென டார்ட்டன் பதிப்பகம் 1803-இல் அவர்கள் தந்தைக்கு மடல் எழுதிற்று. அதன் பயனாய் 1804-இல் வெளிவந்ததே, ‘இளையோர் பலர் எழுதியவை’ என்ற முகப்போடு தொடக்கத்தில் குறிப்பிடப்பட்ட ‘ஒரிஜினல் போயம்ஸ்’.

அத்தொகுப்பில் ஆன் எழுதிய ‘மை மதர்’ என்னும் பாடல் நாடெங்கும் பரவியது. தாயை இகழ்ந்தால் இறைவன் சினப்பார் என்று அச்சுறுத்துவதாக அதன் இறுதிக்கண்ணி அமைந்திருந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1866-இல், அகஸ்டஸ் டி மார்கன் ‘அதீனியம்’ இதழுக்கு ஒரு மடல் எழுதினார். கணக்குப் பாடத்தில் மாணவர் பயிலும் டி மார்கன் விதிகளைத் தந்த அறிஞர் அவரே. 1806-இல் மதுரையில் பிறந்தவர். ‘மை மதர்’ மிக அழகிய பாடல் என்றும், இறுதிக்கண்ணி மட்டும் அதற்குத் தகுதியானதன்று என்றும், அரசவைக் கவிஞர் டென்னிசன் அதனைத் திருத்தித் தரலாம் என்றும் அம்மடலில் குறிப்பிட்டார். பாடலை எழுதியவர் எப்போதோ இறந்திருப்பார் என்பது அவர் எண்ணம்.

ஆன் அப்போது எண்பத்து நான்கு வயதை எட்டியிருந்தார். டென்னிசனுக்கு வேலை வைக்காமல், இறுதிக்கண்ணியைத் தாமே மாற்றி எழுதி அதே இதழுக்கு அனுப்பிவைத்தார்.